ஒதுங்கிய பச்சை

அன்று ஆறாவது முறையாக நாற்றங்காலுக்குப் போனாள் தேச்சம்மா. தட்டில் வைத்த அக்கி ரொட்டி, அரிசிமாவில் தட்டியது, அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

மே மாதக் கடைசியில் மூன்று நாள் மூட்டம் போட்டதும் மழைக்காலம் இறங்கிவிட்டதென்று நம்பி, காப்பி நாற்றுகளின் மேலிருந்த நிழல்வலையை நேற்று முழுவதுமாக உருவிவிட்டாள். குடகில் யாரும் அப்படிச் செய்வதில்லை. வாரத்துக்குக் கொஞ்சமாகத்தான் விலக்குவார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்ற நோயாளிக் கணவனோடு இரண்டு வருடம் திரை போட்ட அறையில் இருந்தவள் அவள். அவன் இறந்த பிறகு எதையும் மூடிவைக்க அவளால் முடியவில்லை. வலையை உருவியபோது வந்த சந்தோஷத்தை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

இன்று வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பத்து மணிக்கே இலைகள் வெளிறத் தொடங்கின.

"இந்த நாத்தும் தேறலேன்னா அந்தச் சரிவு நிலத்தை என்கிட்ட விட்டுடுங்க அண்ணி" என்று கொழுந்தன் போபண்ணா சொல்லியிருந்தான். அதைக் கனிவாகச் சொன்னதுதான் அவளை உறுத்தியது. மதியம் வருகிறான். வலையைத் திரும்பக் கட்டினால் தப்பு செய்தது தெரிந்துவிடும். கட்டாவிட்டால்? சுருட்டிக் கிடந்த வலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

தங்கை வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய லச்சி, கூடையை இறக்காமலே நின்றுவிட்டாள். நாற்றங்கால் வேலை அவளுடையது.

"ரெண்டு நாள் நான் இல்லேன்னா இந்த நாத்துக் குழந்தைங்க துணியை உருவிட்டீங்களாக்கா?"

"செத்துப்போச்சா லச்சி? அதைச் சொல்லு முதல்ல."

"அதுங்களைக் கேட்டுச் சொல்றேன். ஒரு கொட்டைப்பாக்கு போடற நேரம் பொறுங்க."

வேலியோரத்துப் பெரணி இலைகளைக் கிள்ளி, வரிசைக்கு ஒரு நாற்றின் இலைமேல் ஈர்க்கால் குத்தி வைத்தாள். பிறகு பாக்கை மென்றபடி உட்கார்ந்துவிட்டாள். தேச்சம்மாவால் உட்கார முடியவில்லை.

"நீங்க நடந்தா சூரியன் இறங்கிடுமாக்கா?"

அரை மணி கழித்து லச்சி முதல் பெரணியை எடுத்தாள். வெளிறிய இலையில் பெரணியின் வடிவம் கரும்பச்சையாகப் பதிந்திருந்தது.

"பார்த்தீங்களா? பச்சை போகலை. வெயில் தாங்காம உள்ளுக்குள்ள ஓரமா ஒதுங்கியிருக்கு. நிழல் பட்டதும் எட்டிப் பார்க்குது."

தேச்சம்மா அந்த வடிவத்தின்மேல் விரல் வைத்தாள். அந்தத் திரை போட்ட அறையில் தானும் செத்துவிட்டதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தாள். விரலை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓடினாள். அங்கேயும் பெரணி பதிந்திருந்தது. அதற்கடுத்ததிலும். மேற்குக் கோடி வரிசையில் மட்டும் எதுவும் பதியவில்லை. இலை காகிதமாக வெளுத்திருந்தது.

"இது எரிஞ்சிடுச்சு" என்றாள் லச்சி, மென்பதை நிறுத்தி.

அதற்குள் ஜீப் சத்தம் கேட்டது. தேச்சம்மா வலையின் ஒரு முனையைத் தூக்கினாள். இறங்கி வந்த போபண்ணா வெளிறிய வரிசைகளைப் பார்த்தான்.

"என்ன அண்ணி இது? எல்லாம் போச்சா?"

"மேற்கு வரிசை போச்சு. என் அவசரத்தால போச்சு. மத்தது ஒதுங்கியிருக்கு."

"ஒதுங்கியிருக்கா? எங்கே?"

"உனக்குத் தெரியாது. சரிவைப் பத்தி அப்புறம் பேசு. இப்ப இந்த முனையைப் பிடி."

அவன் பிடித்தான். பாதி தூரம் இழுத்ததும் "போதும்க்கா, மத்தியான வெயில் மறைஞ்சா சரி, மீதி ஆகாசம் இருக்கட்டும்" என்றாள் லச்சி. தேச்சம்மா முடிச்சுப் போட்டாள்.