ஐந்தாவது படி

என் தம்பி எடுத்த இருபது நிமிடக் குறும்படத்தில் என் சின்ன வயசு ஓடுகிறது. நான்தான் அதில் இல்லை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பா வீட்டை விட்டுப் போனார். போகப்போகிறார் என்று தெரிந்ததும் அவருடைய இரண்டு ஷூக்களின் நாடாவையும் சேர்த்து ஒன்பது முடிச்சுப் போட்டு வைத்தேன். அப்பா திட்டவில்லை. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார், ஷூவை மாட்டினார், என் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் படியிறங்கினார். தம்பிக்கு அப்போது இரண்டு வயது. வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

படத்தில் முடிச்சுப் போடுவது ஒரு பையன். அக்கா என்று ஒரு ஜீவனே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிற அக்காவை மறைத்தவனை இப்போதுதான் பார்த்தேன். அதிலும் அந்தக் கதையை அவனுக்குச் சொன்னவளே நான். சின்னவன் சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம், ஒரு வாய்க்கு ஒரு முடிச்சு என்று சொல்லிச் சொல்லி ஊட்டியிருக்கிறேன்.

படத்தை நாலு இடத்தில் போட்டுக் காட்டினான். "குழந்தையோட மனச எப்படிங்க இவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்தீங்க?" என்று ஒரு பேராசிரியை அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

பெரிய விழா ஒன்றில் படம் தேர்வானது. ஒலியை மறுபடி சரியாகச் செய்து அனுப்பச் சொன்னார்கள். என் பிழைப்பு அதுதான். படங்களுக்குக் காலடிச் சத்தம், துணி உரசும் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் நான் போடுகிறேன். ஸ்டூடியோவில் எனக்குக் காலடி அக்கா என்றே பெயர். திரையில் நடிகர் நடப்பார், கீழே இருட்டில் நான் நடப்பேன். கைதட்டல் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, அப்பா நடைய நீதான் பண்ணணும்" என்று வந்து நின்றான்.

"உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே. நீயே நடந்துக்கோ."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. உனக்கு ஏழு வருஷம் அப்பா இருந்தார். எனக்கு அவர் முகம்கூட போட்டோல பார்த்ததுதான். ஒரே ஒரு ஞாபகம் எடுத்துக்கிட்டேன், அவ்ளோதான்."

"ஒண்ணா? ஒன்பது முடிச்சையும் மொத்தமா எடுத்துட்டியேடா!"

மனம் இரங்கியிருக்க வேண்டும். இரங்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். ஒலி சேர்த்து முடித்ததும் முதலில் அம்மாவுக்குத்தான் போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னான். அம்மா அதைப் பார்த்துவிட்டு அவன் முகத்துக்கு நேராக, "டேய், இது உங்க அக்காடா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். விழாவும் விருதும் அவனே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அப்பாவின் நடை எனக்குத் தலைகீழ்ப் பாடம். வலது குதிகாலை லேசாக இழுப்பார். ஒன்பதாம் நம்பர் ஷூவுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு, அவருடைய பையின் கனம் வருகிற மாதிரி ஒரு பையில் புத்தகங்களை அடுக்கி இடது கையில் தூக்கிக்கொண்டேன். கை காலியாக இருந்தால் நடை பொய்யாகிவிடும்.

ஒன்றை மட்டும் செய்யவில்லை.

அன்றைக்கு அப்பா இறங்கத் தொடங்கியதும் நான் ஓடிப்போய் உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் புகுந்து, சுவரில் காதை வைத்தேன். எங்கள் வீடு மாடியில், சுவருக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு. ஐந்து படி இறங்கினார், நின்றார். திரும்பி இரண்டு படி ஏறினார். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். பையின் கொக்கியைத் திறக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் கொடுக்க எதையோ எடுக்கப் பார்த்திருக்கிறார். அப்புறம் மனசு மாறிக் கடகடவென்று இறங்கிப் போய்விட்டார். எனக்காக ஒரு தடவை திரும்பினார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சோறு ஊட்டும்போதுகூட. முடிச்சைத்தான் திருடினான், படியாவது எனக்கே இருக்கட்டும் என்று, பன்னிரண்டு படியையும் நிற்காமல் இறங்கிக் கொடுத்தேன்.

"அப்பாவே நடக்கற மாதிரி இருக்குக்கா" என்றான், அப்பாவின் நடையை ஒரு நாளும் கேட்டறியாதவன்.

போட்டுக் காட்டும் நாள் காலையில் அம்மாவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். நடு நாற்காலியில் அம்மா, இரண்டு பக்கமும் நாங்கள். திரையில் பையன் முடிச்சுப் போட்டான். நான் படத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. காலடிச் சத்தம் தொடங்கியபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்து, அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

படம் முடிந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்த முடிச்சு யாரு போட்டதும்மா?"

"முடிச்சா? அதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்போ நான் அடுப்படிய விட்டு வெளியவே வரல" என்றாள். பிறகு தம்பியிடம் கேட்டாள். "அஞ்சாவது படியில நின்னாரே, அத ஏன் விட்டுட்ட?"

தம்பி விழித்தான்.

"நின்னார்டா. திரும்பி ரெண்டு படி ஏறினார். சத்தம் கேட்டுத்தான் நான் வாசலுக்கு வந்தேன்." மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வந்து தாழ்ப்பாளப் போட்டேன். அவருக்குக் கேக்கட்டும்னு ஓங்கித்தான் போட்டேன். உடனே இறங்கிட்டார்."

கண்ணாடி உடைகிற சத்தத்தை வைத்தே என்ன தடிமன் என்று சொல்கிற காது என்னுடையது. ஒரு தாழ்ப்பாளைப் பைக் கொக்கி என்று முப்பது வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன்.

"அக்கா, உனக்குத் தெரியுமா இது?" என்று கேட்டான் தம்பி.

"நின்னது தெரியும்" என்றேன். "உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்."

அவன் கோபப்படவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்தாரா, திரும்பி வந்தாரா?" என்று அம்மாவையே கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் ஒலிப்பதிவு அறைக்குள் போய் மைக்கைப் போட்டுவிட்டு ஷூவை மாட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு அங்கிருக்கும் மரப்படியில் ஐந்து படி இறங்கினேன், நின்றேன், இரண்டு படி ஏறினேன். சத்தம் எடுப்பதற்கென்றே மூலையில் சட்டத்தோடு நிற்கிற கதவில் ஆறு வகைத் தாழ்ப்பாள் உண்டு. எதைப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா உள்ளே வந்துவிட்டாள்.

"தள்ளு. அது நான் போட்டது."

என்னைக் கேட்காமலே நாலாவதைத் தொட்டாள். நான் மறுபடி நடந்தேன். திரும்பி ஏறி இரண்டாவது படியில் என் கால் ஊன்றியதும் ஓங்கிப் போட்டாள்.

அதே 'டக்'. கட்டிலுக்கு அடியில் கேட்டது அச்சு அசலாக அதுதான். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஒரு தாழ்ப்பாளுக்குப் பத்து டேக்காவது வாங்குவேன். அம்மா ஒரே டேக்கில் போட்டுவிட்டு வெளியே போனாள்.