இருபதாவது பெயர்

பாறசாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்த அந்தப் பள்ளிக்கூடம் ஒரே நீளக் கொட்டகை. நடுவில் ஓர் ஓலைத் தட்டி. தட்டிக்குக் கிழக்கே மலையாளம், மேற்கே தமிழ். ஐம்பத்தைந்தாம் வருடம் ஜூனில் பள்ளி திறந்த கையோடு மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. தமிழ்ப் பிரிவில் இருபது பேராவது இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிரிவைக் கலைத்துப் பிள்ளைகளைக் கிழக்கே அனுப்ப வேண்டும். மலையாளம் வாசிக்கத் தெரியாத பிள்ளை எந்த வகுப்பில் படித்திருந்தாலும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் தலை எண்ண வருகிறார்.

தமிழ்ப் பிரிவுக்கு இருந்த ஒரே ஆசிரியை ஜெயபாய். அந்தப் பக்கத்தில் ஆணானாலும் பெண்ணானாலும் ஆசிரியர் என்றால் 'சார்'தான். ஜெயபாய் சார் குடையும் நோட்டுமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

எல்லைக் கிராமங்களில் அப்போது ஒரு புது வழக்கம் கிளம்பியிருந்தது. ஊர் மலையாள ராஜ்யத்தோடு சேருமா, தமிழ் ராஜ்யத்தோடு சேருமா என்று ஒருவருக்கும் தெரியாது. போன வருடம் தமிழோடு சேர்க்கக் கேட்டவர்கள்மேல் துப்பாக்கிச் சூடே நடந்தாகிவிட்டது. அதனால் மூத்ததை மலையாளத்திலும் இளையதைத் தமிழிலும் சேர்த்தார்கள். எந்த சர்க்கார் வந்தாலும் ஒரு பிள்ளையாவது பிழைத்துக்கொள்ளுமே! ஜெயபாய்க்கு இது ஆகவே ஆகாது. வாசலில் நின்று சண்டை பிடிப்பாள்.

பெருங்கடவிளைச் சந்தையில் மரச்சீனிக்கிழங்கு விற்கும் குஞ்சம்மா ஒரு படி மேலே போய்விட்டாள். நாலாம் வகுப்பில் இருந்த இளையவன் யோவானையும் மலையாளத்துக்கு மாற்ற மனு எழுதி வாங்கி வைத்திருந்தாள்.

"எல்லைக் கோடு எங்கோட்டு வந்தாலும் கஞ்சி குடிக்கணும்லா சாறே? ஒண்ணாம் கிளாசில இருந்து தொடங்கினாலும் இப்பமே தொடங்கிட்டா நல்லதாக்கும்."

"பெத்த தாய் பேசுற பேச்சாடீ இது? நாலு வருசப் படிப்ப தூக்கித் தூரப் போடுவியா? நான் உண்டு, பிரிவு கலையாது. என்னய நம்பு."

 குஞ்சம்மா மனுவை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். "நீங்க சொன்னா சரி."

அது பத்தொன்பதாவது பெயர். இருபதாவது எங்கும் கிடைக்கவில்லை.

கிடைக்காமல் என்ன, தட்டிக்கு அந்தப்பக்கம் நாலாம் வகுப்பு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஜெயபாயின் ஒரே மகள் லீலாபாய். ஊரார் இரண்டு பிள்ளைகளைப் பங்கு வைத்தார்கள். இவளோ இருந்த ஒன்றையும் மலையாளத்தில் வைத்திருந்தாள். தமிழ் படித்த குற்றத்துக்காகப் பதினோரு வருடமாகத் தன் வேலை நிரந்தரமாகவில்லை, மகளுக்கும் அந்தக் கதி வேண்டாம் என்பது அவள் நியாயம். இரண்டு எழுத்தும் படித்தால் பிள்ளை குழம்பும் என்று வீட்டில் தமிழ்ப் புத்தகத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். ஊருக்கெல்லாம் இது தெரியும். அவள் முகத்துக்கு நேரே கேட்டவர்கள்தான் இல்லை.

வியாழன் சாயங்காலம் ரிஜிஸ்டரில் மகளின் பெயரை எழுதினாள்.  பெயர் இருந்தால் போதும், ஒரு நாள் கூத்துத்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை லீலாபாயைத் தட்டிக்கு மேற்கே, யோவானின் பக்கத்தில் உட்கார வைத்தாள். இன்ஸ்பெக்டர் வந்தார். மோசமான மனிதர் இல்லை. ஆனால் எண்ணும் நாளில் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைக்கும் பள்ளிக்கூடங்கள் நிறையப் பார்த்தவர். இருபதையும் எண்ணினார். கடைசிப் பெயரில் மை புதிதாக இருந்தது.

"இந்தப் பிள்ளை ஒரு வரி வாசிக்கட்டும்" என்று மலையாளத்தில் சொல்லி, நாலாம் வகுப்புத் தமிழ்ப் பாடப்புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

லீலாபாய் புத்தகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் தமிழ் கொட்டுகிற பிள்ளை. அந்த எழுத்தில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த யோவான் பதறிப்போய், "ஏட்டி லீலா, எல்லாரும் பாக்காங்க, வாசி... 'மழை பெய்தது', சொல்லு, 'மழை பெய்தது'" என்று கிசுகிசுத்தான். அவள் அதை அப்படியே சொன்னாள். இன்ஸ்பெக்டர் அடுத்த வரியில் விரலை வைத்தார். லீலாபாய் அழத் தொடங்கினாள்.

"சாருடைய பிள்ளையா?" என்று கேட்டார்.

ஜெயபாய் தலையசைத்தாள். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அவர் இருபதாவது பெயரை அடித்தார். பிறகு பிரிவையே அடித்தார்.

மத்தியானத்துக்குள் பிள்ளைகள் சிலேட்டை எடுத்துக்கொண்டு தட்டியைச் சுற்றி நடந்தார்கள். லீலாபாய் தன் முதல் பெஞ்சுக்குத் திரும்பினாள். யோவான் ஐந்து வயதுக் குஞ்சுகளுக்கு நடுவே தரையில், காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்தான். தட்டியின் ஓட்டை வழியாக ஜெயபாய் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் குஞ்சம்மா ஜெயபாயின் வீட்டு வாசலுக்கு வந்தாள். கத்துவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று ஜெயபாய் காத்திருந்தாள். அப்படிச் செய்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். குஞ்சம்மா தலைச்சுமையை இறக்கவே இல்லை.

"சாறே, வீட்டில பழைய மலையாளப் பாட புஸ்தகம் கிடக்குமா? ஒண்ணாம் கிளாசுக்குள்ளது. லீலா படிச்சது."

ஜெயபாய் உள்ளே போனாள். தேட வேண்டியிருக்கவில்லை. கிழியாமல் அட்டை போட்டு, அவளே பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.