இன்னும் காயாத மகன்

மாண்டுபோன மகனின் மார்பில் விழுந்து ராணி அழ வேண்டும். பழைய சோக நாடகத்தின் கடைசிக் காட்சி அது. ராணி வேஷம் கிடைத்த நடிப்புப் பள்ளி மாணவி, பத்தொன்பது நாளாகத் தூக்கத்தை விட்டு, ஒரு நீளத் தலையணையை மகனாக்கி வீட்டில் அழுது பழகினாள். கீழ்வீட்டுத் தையற்காரர் இரண்டு முறை துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். தலையணை நனைந்து நனைந்து எடை இரட்டித்துவிட்டது. அம்மா அதைத் தினமும் மாடிக் கொடியில் போட்டாள்.

"உன் மகன் இன்னும் காயலடி. இன்னைக்கு வேற யாரையாவது சாகடி," என்றாள் அம்மா.

கடைசி ஒத்திகைக்கு வந்தபோது அவளிடம் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட மிச்சமில்லை.

"இன்னைக்கும் அழ வரலேன்னா, நாளைக்கு மேடையில நீ விளக்குப் பிடிக்கிற தோழிதான்," என்றார் ஆசிரியர்.

மகனாகப் படுத்திருந்த சகமாணவன் நல்ல பருமன். அவன் மார்பில் தலை சாய்த்தாள். மெத்தென்று இருந்தது, முக்கியமாக, உலர்ந்திருந்தது. அப்படியே தூங்கிப்போனாள். அவளை எழுப்பப் பயந்த பிணம் பதினோரு நிமிடம் மூச்சை அடக்கிக் கிடந்தது.

"அழக்கூடத் தெம்பில்லாத துக்கம்!" என்று ஆசிரியர் மூக்கைச் சிந்தினார்.

கைதட்டலில்தான் அவள் விழித்தாள்.

"வேஷம் உனக்குத்தாம்மா. நாளைக்கும் இம்மி பிசகாம இதையே செய்யணும்."

அவள் பிணத்தின் காதில் கேட்டாள்: "அப்போ இன்னைக்கு ராத்திரியும் நான் தூங்கக் கூடாதாடா?"