அம்மாக்கண்ணுவின் இடது மணிக்கட்டு

1953ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே ஒத்தச்சவுக்குத் தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் இடது மணிக்கட்டு, ஐந்து மணியிலிருந்து ஐந்து பதினெட்டுக்குள் ஒன்றரை அங்குலம் பெருத்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கட்டிய தோல் வார் அறுந்து, கைக்கடிகாரம் கொழுந்துக் கூடைக்குள் விழுந்தது. விரல் வீங்கவில்லை, முழங்கை வீங்கவில்லை, வலியும் இல்லை. ஐந்து பதினெட்டுக்கு ஃபேக்டரிச் சங்கு ஊதியதும் மணிக்கட்டு மெல்ல இறங்கத் தொடங்கி, அவள் கொழுந்து நிறுத்து முடிப்பதற்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டது. மறுநாள் தோட்டத்து மருந்துக்காரர் குளவி கொட்டியது என்று எழுதிக்கொண்டு சுண்ணாம்பு தடவி அனுப்பினார். குளவிக்கு வேறு வேலை இல்லையா, தினமும் ஐந்து மணிக்கு வந்து ஒரே இடத்தில் கொட்ட? புதனும் பெருத்தது, வியாழனும் பெருத்தது. வெள்ளிக்கிழமை யாரும் மருந்துக்காரரிடம் போகவில்லை.

அந்தக் கடிகாரம் வந்த கதை சின்னது. பழைய துரை 1950இல் பங்களாவைக் காலி செய்து கப்பலேறியபோது, பதினோரு வருஷம் தனக்குப் பூப்பாத்தி கொத்திய அழகுமுத்துவிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். வாரைத் துரையின் நாய் மென்று தின்றிருந்தது. கடிகாரம் மட்டும் நன்றாக ஓடியது. அழகுமுத்து அதைச் சீட்டித் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்தான். தீபாவளிக்கு ஒரு தடவை, காமன் கூத்துக்கு ஒரு தடவை எடுத்துச் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு மறுபடியும் சுற்றி வைப்பான். அவன் பெண்சாதி அம்மாக்கண்ணுவுக்கு அதன் மேல் எந்த நாட்டமும் இருக்கவில்லை. 1953 தை மாதம் நாகலெட்சுமி பிறந்த பிறகுதான் அவள் பார்வை தகரப்பெட்டிப் பக்கம் திரும்பியது.

ஒத்தச்சவுக்குத் தோட்டத்தில் ஐந்து மணிக்கு வேலை விட ஊதும் மாலைச் சங்கு பொய் சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மூடுபனி மலையில் சூரியனைப் பார்த்து மணி சொல்ல வழியில்லை. மத்தியானம் ஆட்கள் மலையில் இருக்கும்போது ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தின் முள் பின்னால் போகும். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குள் முன்னால் வந்துவிடும். யார் தள்ளியது என்று கேட்டால் யாருமில்லை. புதுத் துரைக்குத் தெரியாது, கிளார்க்குக்குத் தெரியாது, மூன்றாம் மலைக் கணக்கப்பிள்ளை சிவசாமிக்கு ஒன்றுமே தெரியாது. எல்லோரும் பாவம், பச்சைப் பிள்ளைகள். உண்மையான பச்சைப் பிள்ளைகளோ, தாய்மார் மலையேறும்போது விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் மத்தியானம் குடித்த பாலோடு கிடந்து கத்தின. சரியாக ஐந்து மணிக்கு அம்மாக்கண்ணுவுக்குப் பால் சுரந்துவிடும். ரவிக்கை நனைந்து, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு வரைக்கும் ஒழுகும். சங்கு ஊதாது. கீழே பிள்ளை அழ, மேலே பால் தேயிலைத் தூரில் சொட்ட, சிவசாமி குடையை ஊன்றிக்கொண்டு இன்னும் நேரமிருக்கிறது என்பார்.

“தேயிலைக்கு ஊத்தவா சாமி எனக்குப் பாலு குடுத்திச்சு?” என்று ஒருநாள் அவள் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி கத்தினாள்.

“வாய மூடு புள்ள, கணக்கப்புள்ள காதுல விழுந்திறப் போகுது” என்றான் அழகுமுத்து.

“விழட்டுமே. விழத்தானே கத்துறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தகரப்பெட்டியைத் திறந்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டு லிந்துலைக்கு இறங்கினாள். பஜார் முனையில் ஆளுயர மரப்பெட்டிக் கடையில் உட்கார்ந்து கஸ்பர் கடிகாரம் பழுது பார்த்துவந்தார். கடிகாரத்தைப் புரட்டிப் பார்த்து, வார் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் இடையில் சின்ன அளவுகோலை வைத்து, அரையும் அரைக்காலும் அங்குலம் என்றார்.

“இது ஆம்பள வாட்ச் தங்கச்சி. ஒங்க கைக்குப் பெருசாத் தெரியும்.”

“மணி ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணாண்ணே?”

கஸ்பர் அளவுகோலை எடுத்து வைத்தார். கண்ணாடித் தட்டில் மூன்று வகை வார்களைப் பரப்பினார். கன்றுத்தோல் பார்க்க அழகு, மழையில் ஊறினால் ஆறு மாதத்தில் நாறும். இழுத்தால் விரியும் இரும்பு வார் சாகும் வரை உழைக்கும், ஆனால் முடியைக் கடித்து இழுக்கும். மூன்றாவது, சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குத் தைத்த கித்தான் வார். கொழும்பிலிருந்து கட்டுக் கட்டாக வந்தது, கடிகாரத்தின் அடியில் நுழைந்து மறுபக்கம் வரும் ஒரே நீளத் துண்டு, அவலட்சணமானது, வாங்குவாரில்லை. ஒரு காகிதத் துண்டை அவள் மணிக்கட்டில் சுற்றி, தன் விரல் ஒன்றை உள்ளே நுழைத்து, கையின் அளவு ஐந்தே முக்கால் அங்குலம் என்று குறித்துக்கொண்டார். ஒரு விரல் புகும் இடம் வேண்டும், இறுக்கினால் ரத்தம் ஓடாது, தளர்த்தினால் கடிகாரம் கவிழ்ந்துவிடும் என்று தொழில் முறைப்படி விளக்கினார். அம்மாக்கண்ணு கன்றுத்தோல்தான் வாங்கினாள். பிறந்ததிலிருந்து அவள் கைக்கு அழகானது எதுவும் வாய்த்ததில்லை.

அந்தத் தோல் வார் இரண்டே நாளில் அறுந்த கதையைத்தான் முதலில் சொன்னது. அறுந்த துண்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டபோது கஸ்பர் தோலைக் குறை சொன்னார். இரும்பு வார் போட்டார். அது மூன்றாம் நாள் விரிந்து விரிந்து, கண்ணி கண்ணியாகத் தெறித்துத் தேயிலைக்குள் விழுந்தது. மிச்சமிருந்தது பட்டாளத்துக் கித்தான். அதில் நெருப்பில் காய்ச்சிய ஊசியால் கால் அங்குலத்துக்கு ஒன்றாகத் துளைகள் போட்டுக் கொடுத்தார். அது அறவில்லை. கை பெருக்கப் பெருக்க அம்மாக்கண்ணு கொக்கியைத் துளை துளையாகத் தளர்த்திக்கொண்டே போனாள், அப்போதுதான் கணக்குப் பிடிபட்டது. மூன்று நிமிடத்துக்கு ஒரு துளை. பதினெட்டு நிமிடம் பிந்திய நாளில் ஆறு துளை, ஒன்பது நிமிடம் பிந்திய நாளில் மூன்று. சங்கு நேரத்தோடு ஊதிய நாள் என்று ஒன்று அந்த வருஷத்தில் இல்லாததால் அதை மட்டும் சோதிக்க முடியவில்லை.

சிவசாமியிடம் கடிகாரத்தைக் காட்டி நியாயம் கேட்டாள். அவர் தன் கடிகாரத்தைக் காட்டினார். “நாய் மென்ன மணிக்கூட்டக் கட்டிக்கிட்டு எனக்கு நேரம் சொல்ல வந்துட்டியா?” என்றார். பக்கத்து நிரையில் நின்ற வேலாயி, அய்யா கடிகாரத்தை எந்த நாய் மென்றதோ என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். மலை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைச் சிவசாமி மறக்கவில்லை. 1955 பங்குனியில் காலைப் பெரட்டில் துரையின் உத்தரவு வாசிக்கப்பட்டது: கடிகாரம் கொழுந்துக்குள் விழுந்தால் ஃபேக்டரி மெஷின் கெடும், ஆகவே தொழிலாளர் யாரும் மலையில் கடிகாரம் கட்டக் கூடாது. அந்தத் தோட்டத்தில் கடிகாரம் கட்டிய தொழிலாளி ஒருத்திதான். சிவசாமி அவள் கையைப் பிடித்துப் பேனாக் கத்தியால் கடிகாரத்தை வாரிலிருந்து உருவிக்கொண்டுபோய் ஆபீஸ் அலுமாரியில் பூட்டினார். வார் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரே துண்டுக் கித்தான் ஆகையால் கடிகாரம் போன பிறகும் அது அவள் கையிலேயே கிடந்தது.

அன்று மாலை ஐந்துக்கு வெறும் வார் கையைக் கவ்விப் பிடித்தது. கடிகாரத்தைப் பூட்டிவிட்டால் நேரமும் பூட்டுக்குள் போய்விடும் என்று நினைத்த அந்த அறிவாளிகளை என்ன சொல்லித் திட்டுவது? பெண்கள் ஒவ்வொருத்தராக அம்மாக்கண்ணுவின் மணிக்கட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1956இல் வேலாயிக்குப் பிள்ளை பிறந்தது. நாற்பதாம் நாள் கழித்து மலையேறிய முதல் மாலையே அவள் இடது கையும் பெருத்தது. அடுத்து சண்முகவடிவு, அடுத்து வீரம்மா. பிள்ளைக்காம்பராவில் பிள்ளை விட்டவளுக்கெல்லாம் வந்தது; பிள்ளை பால் மறந்த பிறகும் போகவில்லை. எல்லோரும் கஸ்பரிடம் போனார்கள். அவர் காகிதத் துண்டால் அளந்து, ஒரு விரல் நுழைத்துப் பார்த்து, கடிகாரம் இல்லாத வார்களைத் துளை போட்டுக் கொடுத்தார். வாங்குவாரில்லாமல் கிடந்த பட்டாளத்துக் கட்டுகள் தீர்ந்து, கொழும்புக்கு எழுதி வரவழைக்க வேண்டியதாயிற்று. ஆண்கள் யாருக்கும் கை பெருக்கவில்லை. அழகுமுத்து சில நாள் தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குனிந்த தலையோடு வெளியே போய்விடுவான்.

இப்படியே ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது. 1961 சித்திரையில் கொழுந்து பொங்கிக்கொண்டு வந்த வாரத்தில் சங்கை முப்பத்தாறு நிமிடம் பிடித்து வைத்தார்கள். பன்னிரண்டு துளைக்கு வாரில் இடமில்லை. நாற்பத்து மூன்று கொக்கிகள் ஒரே நேரத்தில் தெறித்த சத்தம் ஃபேக்டரி வரை கேட்டது. மறுநாள், கொக்கியை வளைத்து மறுபடி மாட்டிய வார் கவ்விய நொடியில் நாற்பத்து மூன்று பேரும் சங்குக்குக் காத்திராமல் கூடையோடு மலையிறங்கினார்கள். ஆபீஸ் அரைப் பேர் போட்டது, பாதி நாள் கூலிதான். அதற்கடுத்த நாளும் இறங்கினார்கள். பதினோரு நாள் அரைப் பேர் விழுந்தும் நிற்காததால், துரை அம்மாக்கண்ணுவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பரீட்சைக்குப் படித்த தமிழ் அவருடையது.

“நீ எந்தக் கடிகாரம் பார்த்து இறங்குகிறது?”

“கடிகாரம் ஒங்க அலுமாரில இருக்குங்க தொரை.”

“அப்போ உனக்கு யார் நேரம் சொன்னது?”

அவள் வெறும் வாரை நீட்டினாள். “நீங்களே பாருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அஞ்சு.”

சுவர்க் கடிகாரம் நாலு முப்பதைக் காட்டியது. துரை சிரித்துவிட்டு, இவள் பொய்யைக் கையோடு பிடிப்பதற்காகப் பங்களாவிலிருந்து ரேடியோவை எடுத்துவரச் சொல்லி மேசைமேல் வைத்தார். பிறகு வாருக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் தன் ஆள்காட்டி விரலை நுழைத்துக்கொண்டார். ஒரு விரலுக்கான இடம் அளவாக இருந்தது. ரேடியோவில் ஐந்து மணிக்கான ஒலி வந்தது, விரல் மாட்டிக்கொண்டது. துரை இழுத்தார், வரவில்லை. கிளார்க் எழுந்து வந்து இழுத்தார். சிவசாமி கொக்கியைக் கழற்றப் பார்த்தார். சதைக்குள் புதைந்த கொக்கியில் நகம்கூட ஏறவில்லை. விரல் சிவந்து, பிறகு நீலம் பாய்ந்தது.

“விடு! கையை விடு!”

“நான் புடிக்கலீங்க தொரை” என்றாள் அம்மாக்கண்ணு. “சங்கு ஊதுனாத்தான் எறங்கும். எட்டு வருசமா அப்படித்தாங்க.”

துரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது நாலு நாற்பத்தாறு என்றது. அவர் சிவசாமியைப் பார்த்துப் போட்ட கூச்சலில் சிவசாமியே குடையைப் போட்டுவிட்டு ஃபேக்டரிக்கு ஓடினார். ஐந்து அடித்து நாலாவது நிமிடத்தில் சங்கு ஊதியது. துரை விரலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார். மறுநாள் சுவர்க் கடிகாரத்தை யாரும் தொடவில்லை.

ஆக, 1961 வைகாசி ஏழாம் தேதி, சங்கு சரியாக ஐந்துக்கு ஊதியது. வார் கவ்வவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கையைத் தூக்கிப் பார்த்தார்கள், பிறகு சிரித்துக்கொண்டும் துரையின் விரலைப் பற்றிக் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டும் ஓடினார்கள். அம்மாக்கண்ணுவும் ஓடினாள். கொழுந்து நிறுத்த கையோடு கால் தானாகப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனது. வேலாயியின் இரண்டாவது பிள்ளை, வீரம்மாவின் கடைக்குட்டி, சண்முகவடிவின் கைக்குழந்தை என்று ஒவ்வொன்றாக வாசலில் கைமாறின. கடைசியில் அவள் மட்டும் நின்றாள்.

“நீ யாருக்கு வந்த அம்மாக்கண்ணு?” என்று கேட்டாள் பிள்ளைக்காம்பரா ஆயா இசபெல். “ஒம் மக பள்ளிக்கொடம் போயி மூணு வருசமாச்சே.”

உள்ளே தொட்டில்கள் காலியாகத் தொங்கின. அவளுக்கு அங்கே வாங்குவதற்கு ஒன்றுமில்லை. சங்கு ஊதி முடிந்திருந்தது, யாரும் எதையும் பிடித்து வைக்கவில்லை. இருந்தும் அவளுடைய இடது மணிக்கட்டு அந்த வாசலில் வைத்து ஆறு துளை பெருத்தது. லயத்துக்கு வந்தும் இறங்கவில்லை. விடிந்தும் இறங்கவில்லை. மகளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும்போதும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கஸ்பர் காகிதத் துண்டைச் சுற்றி ஏழேகால் அங்குலம் என்று படித்தார். இரண்டு தரம் அளந்தார். வலது கையையும் அளந்தார். அது ஐந்தே முக்கால்.

“சங்குதான் இப்ப நேரத்துக்கு ஊதுதே தங்கச்சி. இது எறங்காதா?”

“ஏன் எறங்கணும்?” என்றாள். “அவுக திருந்திட்டா நான் மறந்துறணுமா? எம் புள்ள பாலுக்குக் கத்துனதெல்லாம் எங்கண்ணே போகும்? அளவெடுங்க.”

கடிகாரத்தைத் துரை திருப்பித் தரச் சம்மதித்திருப்பதாக வந்த செய்தியை அவரிடம் சொன்னாள்; அலுமாரியிலேயே கிடக்கட்டும் என்றும் சொன்னாள். கஸ்பர் நல்ல கன்றுத்தோலில் ஒரு வார் வெட்டி, ஓரம் தைத்து, ஏழேகாலுக்கு ஒரே ஒரு துளை போட்டுக் கட்டிவிட்டார். அது அறவில்லை. 1964இல் நாகலெட்சுமி வயதுக்கு வந்தபோது லயத்துக்கு வளையல் போட வந்த அட்டன் வளையல்காரர், அம்மாக்கண்ணுவின் முறை வந்ததும் ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் திறந்து, வலது கைக்குச் சின்ன அளவில் ஒரு டஜனும் இடது கைக்குப் பெரிய அளவில் ஒரு டஜனும் எடுத்து வைத்தார்.