கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவில் வாணியம்பாடி

காலையில் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்துவிடும், துபாய் விமானம் மாலை ஏழரைக்குத்தான், நடுவில் இருக்கும் பகல் முழுக்க உனக்கு என்று என் கணவர் நவீத் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ ஊரையே எழுதி வைக்கிறவர் மாதிரி. நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? அந்த ஒரு பகலை விட்டால் எனக்கு என் அம்மாவை, அம்மியை, பார்க்க வேறு வழியே இல்லை.

அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்த அப்துல் ஹமீத் என்றால் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் உயிர் போனது, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள். விசா புதுப்பிக்க என் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த நேரம் அது. துபாயில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து, அண்ணன் சமீருல்லா பிடித்துக் காட்டிய போனில் என் அப்பாவின் ஜனாஸாவைத் தூக்கிப் போவதைப் பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை படம் நின்றுபோனது.

அம்மி இத்தாவில் இருக்கிறாள். கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் மனைவி வாசலைத் தாண்ட மாட்டாள். அதனால் அவள் என்னைப் பார்க்க வர முடியாது, நான்தான் போக வேண்டும். போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று அவள் வாயால் கேட்க வேண்டும். போனில் கேட்டால் "நேர்ல வா, சொல்றேன்" என்று வைத்துவிடுகிறாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அப்படியென்றால் எதற்குக் கப்பல் என்று கேட்பீர்கள். அது அப்பா இருந்தபோதே மாமிக்காக நவீத் போட்டுவைத்த டிக்கெட். துபாயிலிருந்து வந்து இறங்கிய கையோடு ஏறி, விசாகப்பட்டினம் போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பல். ரத்து செய்தால் ஒன்றும் திரும்பி வராதாம். "கடல் காத்து உனக்கும் நல்லதுமா, துக்கம் ஆறும்" என்றார் மாமி. என் மாமியார் ஷஹீன் பானு கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேல்தளத்தில் ஒருவன் மைக் பிடித்துப் பாட, மாமி கை தட்ட, நான் சிக்னல் இல்லாத போனை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். துக்கம் ஆறவில்லை, எரிச்சல்தான் ஏறியது.

துறைமுகத்திலேயே முதல் கோணல். எல்லாருடைய பெட்டியும் வந்துவிட்டது, என் பச்சைப் பெட்டி மட்டும் வரவில்லை. தப்பான தளத்தில் இறக்கிவிட்டார்களாம். அதைத் தேடிப் பிடித்து வெளியே வருவதற்குள் வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டியோடு காத்திருந்த டிரைவர் ராஜேஷ் ஆம்பூர்க்காரர். ஏறியதுமே சொல்லிவிட்டார்.

"மேடம், அங்கேர்ந்து ஒரு மணிக்கு வண்டி எடுத்துடணும். அதுக்கு மேல போச்சுன்னா ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி பஸ்ஸெல்லாம் ரோட்டுக்கு வந்துரும். அப்புறம் ஃபிளைட்டு கைய ஆட்டிட்டுப் போய்ட்டே இருக்கும்."

"அதெல்லாம் ஜாஸ்தி டைம் இருக்கு ராஜேஷ்," என்றார் நவீத்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நேராகப் போனால் அம்மியோடு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பெட்டிக்காகப் போனது போகட்டும், இதுவே பெரிது.

நேராகப் போனால்தானே. வாலாஜா தாண்டியதும் மாமி ஜன்னல் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல்விஷாரம் அவர் பிறந்த ஊர்.

"நவீது, பெரிம்மா வூட்டாண்ட ரெண்டு நிமிஷம் நிறுத்து. இத்தன தூரம் வந்துட்டு எறங்காம போனா நாளைக்கு ஊரே பேசும். சலாம் சொல்லிட்டு வந்துர்றேன். இன்னாமா ஹீனா, பரவால்லியா?"

"பரவால்ல மாமி," என்றேன். வேறு என்ன சொல்வது? மருமகள் வாயில் வேறு என்ன வரும்?

இரண்டு நிமிஷம் என்பது விஷாரத்தில் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியம்மாவுக்கு முட்டி வலி. அவர் எழுந்து வர ஒரு நேரம், உட்கார ஒரு நேரம். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு "உங்கப்பா நல்ல மனுசர்" என்றார்கள். அப்பாவை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள். அவர்களிடம் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் என் அம்மி அங்கே தனியாக இருந்தாள். டீயை ஒரே மடக்கில் குடித்து டம்ளரை வைத்தேன்.

வண்டியில் ஏறியதும் நவீத்திடம் மெதுவாகச் சொன்னேன்: "நான் வேற டாக்சி புடிச்சு முன்னாடி போய்டட்டுமா?"

"தனியாவா? அம்மா இன்னா நெனைப்பாங்க?"

மாமி அதைக் கேட்டுவிட்டார். "சம்பந்தி வூட்டு மவுத்துக்கு நாங்க இன்னும் போய் எட்டிக்கூட பாக்கலமா. நீ மட்டும் முன்னாடி போய் நின்னா எங்க மூஞ்சிய எங்க வச்சுக்கறது? சேந்தே போலாம்."

வேலூர் போனது, பள்ளிகொண்டா டோல் போனது. ராஜேஷ் நன்றாகத்தான் ஓட்டினார். ஆம்பூர் போர்டைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. இன்னும் கொஞ்சதூரம்தான். அப்போதுதான் மாமி சொன்னார்.

"ராஜேஷு, நல்ல பிரியாணிக் கடையாப் பாத்து நிறுத்து."

"மாமி, அம்மி வீட்டுல..."

"அதுக்குத்தான்மா சொல்றேன். துக்க வூட்டுக்குப் பசியோட போய் நின்னா அவங்க அடுப்பு மூட்டணும். இத்தால இருக்குற பொம்பளைய வேலை வாங்கலாமா? நானும் இத்தா இருந்தவதான், எனக்குத் தெரியாதா? நாம வயிறு ரொம்பி போனா அவங்களுக்கு பேஜார் கம்மி."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அந்த நியாயம்தான் என்னைக் கொன்றது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சாப்பாடு எதுவும் செய்ய வேணாம்ணே. நாங்க ஆம்பூர்ல சாப்டுட்டு வர்றோம்."

"இன்னா பேச்சு பேசறே? அம்மி விடியறதுக்கு முன்னாடியே எழுந்து உங்க அண்ணிய வச்சு எல்லாம் ரெடி பண்ணிட்டாங்க. அண்டா தம்முல இருக்கு. வந்து சேரு."

மாமியிடம் சொன்னேன். மாமி கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏற்கெனவே இறங்கியிருந்தார். "அவங்க அப்படித்தான் சொல்வாங்க. மரியாதைக்குச் சொல்றதை நாம அப்படியே புடிச்சுக்கக் கூடாது."

கடையில் கூட்டம். உட்கார்ந்த பிறகு பரிமாறுகிறவர் வந்து, முதல் அண்டா காலி, அடுத்தது தம்மில் இருக்கிறது, பத்து நிமிஷம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இங்கே ஓர் அண்டா மூடிக் கிடக்கிறது, அங்கே ஓர் அண்டா மூடிக் கிடக்கிறது, நடுவில் நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"பத்து நிமிஷம்தானே?" என்று நவீத் எழுந்தார். எதிர்ப்பக்கம் ஏற்றுமதியில் மிஞ்சிய ஷூ விற்கிற கடை. அவர் மேனேஜர் ஆம்பூர் ஷூ கேட்டிருந்தாராம். பிரியாணி வந்தும் நவீத் வரவில்லை. வந்தவர் கையில் மூன்று டப்பா. அதில் ஒன்றில் இரண்டும் இடது கால். திரும்பவும் ஓடினார். கத்திரிக்காயை இலையில் ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டு நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"இன்னாமா, சாப்பிடல? லேட் ஆவுதுன்னு பாக்கறியா?" என்றார் மாமி.

"பரவால்ல மாமி."

என் நாக்கை நானே கடித்திருக்க வேண்டும்.

வாணியம்பாடியில் எங்கள் தெருமுனை திரும்பும்போது ஒரு மணிக்குக் கால் மணி நேரம்கூட இல்லை. ராஜேஷ் என்ஜினை நிறுத்தவே யோசித்தார்.

அம்மி வாசலுக்கு வரவில்லை, வரக்கூடாது. திரைக்கு உள்ளே நின்றிருந்தாள். வளையல் இல்லாத கை எவ்வளவு மெலிந்துவிட்டது என்றுதான் முதலில் பார்த்தேன். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதற்குள் மாமி முன்னால் போய்க் கட்டிக்கொண்டார். பெரியவர், முறைப்படி அவர்தான் முதலில். இருவரும் அழுதார்கள். நான் மூன்றாவது ஆளாகப் பின்னால் நின்றேன். என் முறை வந்தபோது அம்மி என் தலையில் கை வைத்து, நெற்றியில் முத்தம் கொடுத்து, உடனே நிமிர்ந்துவிட்டாள்.

"கை கழுவுங்க, சாப்பாடு எடுத்து வைக்கறேன்."

"சாப்ட்டுத்தான் வந்தோம், சிரமம் வேணாம்," என்றார் மாமி.

அம்மியின் முகம் மாறியதைப் பார்த்தேன். "வாணியம்பாடி வரைக்கும் வந்துட்டு ஆம்பூர்ல சாப்டீங்களா?"

நவீத் தரையைப் பார்த்தார். அம்மி விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். "அப்ப கட்டியாச்சும் தர்றேன். வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்."

பின்னாலேயே போனேன். அண்ணி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கூடத்துக்குப் போய்விட்டார். அம்மி அண்டாவின் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"அம்மி, கொஞ்சம் உக்காரு. அப்பா கடைசியா இன்னா சொன்னாரு?"

"இரு, இதைப் போட்டுட்டுச் சொல்றேன்."

"எனக்கு நேரமில்ல அம்மி."

"தால்ச்சா தனியா கட்டணும், இல்லன்னா வழியில கொட்டிடும். உங்க மாமிக்கு எலும்பில்லாம போடறேன். மாப்பிள்ளைக்குக் கறி ஜாஸ்தியா..."

வெளியே ராஜேஷ் ஹாரன் அடித்தார். கூடத்திலிருந்து நவீத், "ஹீனா, ஒரு மணி ஆச்சு," என்றார். அம்மி அடுத்த டப்பாவை எடுத்தாள்.

காலையிலிருந்து பெட்டிக்கும் பெரியம்மாவுக்கும் பிரியாணிக்கும் ஷூவுக்கும் தலையாட்டிய நான், என் அம்மியிடம் கத்தினேன்.

"கரண்டியைக் கீழ வை! யாருக்கு வேணும் இந்தச் சோறு? ஒரு நிமிஷம் உக்காருன்னா உக்கார மாட்டியா?"

அம்மி திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை.

"நீ போனப்புறம் உக்கார்றேன்மா," என்றாள். "இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல உக்காரத்தானே போறேன்."

நான் வெளியே போனேன். செருப்புகூடப் போடவில்லை.

"ராஜேஷண்ணே, அந்தப் பச்சைப் பெட்டியை மட்டும் எறக்குங்க."

ராஜேஷ் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கியைத் திறந்தார். நவீத் ஓடி வந்தார்.

"இன்னா பண்றே நீ?"

"நான் வரல. அம்மியோட இத்தா முடியற வரைக்கும் இங்கதான்."

"டிக்கெட்டு?"

"போகட்டும். கப்பல் டிக்கெட்டு திரும்பி வராதுன்னு கப்பல்ல வந்தேன்ல? இதுவும் திரும்பி வர வேணாம்."

மாமி படியில் நின்றுகொண்டிருந்தார். இப்போது கேட்கப் போகிறார், கேட்கட்டும், நானும் கேட்கிறேன் என்று இடுப்பில் கை வைத்தேன். மாமி இறங்கி வந்தார்.

"அறிவிருக்காடி உனக்கு? இதைக் காலைலயே சொல்றதுக்கு இன்னா? சொல்லியிருந்தா நான் எதுக்கு விஷாரத்துல எறங்கறேன், ஆம்பூர்ல எதுக்கு அத்தன நேரம் உக்கார்றேன்? நேரா இங்க வந்து எறக்கி விட்டுட்டுப் போயிருப்பேனே. கேக்கும்போதெல்லாம் நீதானே 'பரவால்ல மாமி, பரவால்ல மாமி'ன்னே?"

அது உண்மையாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மாமி என் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார், கொஞ்சம் வலிக்கிற மாதிரியே. அண்ணி கொண்டுவந்த டப்பாப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நவீத் முன்பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார்.

வண்டி தெருமுனையில் திரும்பியதும் பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். அம்மி கரண்டியோடு அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"வண்டி போயிடுச்சா?"

"போயிடுச்சு. நான் போகல."

அவள் கரண்டியை அண்டாவின் மேல் வைத்து, மூடியை மூடி, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"உங்கப்பா ஒண்ணும் பெருசா சொல்லலடி," என்றாள். "காலைல கூப்ட்டாரு. என்னமோ மாதிரி இருக்கு, பக்கத்துல கொஞ்சம் உக்காருன்னாரு. இருங்க, டீ போட்டுட்டு வந்து உக்கார்றேன்னு சொன்னேன்."