சால்மன் ராடு

பத்து நாளைக்கு முன்னால் வாங்கிப்போன தூண்டில் ராடை முத்துச்செல்வி கடைப் பலகையின் மேல் படுக்க வைத்தாள்.

"இது எனக்கு ஒத்து வரல பாய்."

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அளவு பெரிதாகிவிட்ட செருப்பை மாற்ற வந்தவள் மாதிரி நின்றாள். நூருல் அமீனுக்குத்தான் சுருக்கென்றது. நெல்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் வலை, கயிறு, தார்ப்பாய், தூண்டில் சாமான் என்று இருபத்திரண்டு வருஷமாகக் கடை நடத்துகிறவர் அவர். உள்ளே நுழைகிற ஆளின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தே இன்ன ராடு என்று எடுத்து நீட்டிவிடுவார். எடுத்துக் கொடுத்ததை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

அவள் முதல் முறை வந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முந்தானையை இடது கையின் மேல் சுற்றிப் போட்டிருந்தாள். ராடுகளை வரிசையாகப் பார்க்க முந்தானையை விலக்கியபோது, மணிக்கட்டோடு அந்தக் கை முடிந்திருந்தது தெரிந்தது. அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் தகரம் அமுக்குகிற பிரஸ் மிஷினில் வேலை பார்த்தாளாம். அதில் கை போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அதே பட்டறையில் பெட்டி கட்டுகிறாள். இதையெல்லாம் அவர் கேட்டதால் சொன்னாள், இரண்டே வரியில். அவருக்கு மனசு இளகிவிட்டது. கடையிலேயே எடை குறைந்ததாக, குட்டையாக, ஐந்தரை அடி ராடு ஒன்றை எடுத்து, "பச்சப்புள்ளகூட ஒத்தக் கையில தூக்கிரும்மா" என்று கொடுத்தார். அவள், "அடிப்பிடி கொஞ்சம்..." என்று எதையோ சொல்லத் தொடங்கினாள். அவர் அதற்குள் உறையில் போட்டுக் கட்டிவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மனைவி சாதிகாவிடம் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதிகா கேட்டாள்.

"நீங்க அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்துப் பேசுனீங்களா, கையப் பாத்துப் பேசுனீங்களா?"

அப்போது சிரித்துவிட்டு எழுந்துபோய்விட்டார். இப்போது அந்தக் கேள்வி கடைக்குள் வந்து நின்றது.

"என்னம்மா பண்ணுது? சொல்லு" என்றார். இந்த முறை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்.

முத்துச்செல்வி ராடை எடுத்துச் செய்து காட்டினாள். வீசுவதில் தொந்தரவு இல்லை. வலது கை நன்றாக இருக்கிறது. வீசின பிறகுதான் சங்கடம். மற்றவர்கள் ஒரு கையில் ராடைப் பிடித்து மறு கையில் ரீலைச் சுற்றுவார்கள். அவளுக்குச் சுற்றுகிற கையும் அதேதான், பிடிக்கிற கையும் அதேதான். அதனால் சுற்றும்போது ராடு தானாக நிற்க உடம்பில் ஓர் இடம் வேண்டும். இடது கக்கத்தில் அடிப்பிடியை இடுக்கி, முன்கையை அதன் மேல் அழுத்திக்கொண்டால் நிற்கும். ஆனால் இந்த ராடில் ரீலுக்குக் கீழே ஒரு சாண் பிடிதான் இருக்கிறது. கக்கம் வரை எட்டவில்லை.

"ஒரு சின்ன ஜிலேபி கெண்டைக்கே பெரண்டுக்குது பாய். விரால் அடிச்சுச்சுன்னா ராடோட போயிரும்."

வீட்டில் ஒரு சணல் துண்டை வெட்டி அளந்து கொண்டுவந்திருந்தாள். கக்கத்திலிருந்து வலது கை வசதியாக வந்து சுற்றுகிற இடம் வரை அதன் நீளம். அதைப் பலகையில் நீட்டி வைத்தாள். நூருல் அமீன் அந்தச் சணலையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் ராடு வாங்க வந்தவர்கள் நிறத்தைக் கேட்டிருக்கிறார்கள், கம்பெனியைக் கேட்டிருக்கிறார்கள், கார்பனா கிளாஸா என்று போனில் பார்த்துவிட்டு வந்து அவருக்கே பாடம் எடுத்திருக்கிறார்கள். தன் உடம்பை அளந்து எடுத்துக்கொண்டு வந்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது.

மாட்டியிருந்த ராடுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சணலோடு வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் குட்டை. கடல் ராடு ஒன்று நீளம் சரியாக இருந்தது, ஆனால் உலக்கைக் கனம். முத்துச்செல்வி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதத் தூக்குறதுக்கே தனியா சம்பளம் கேட்கணும்" என்று கீழே வைத்தாள். அப்போதுதான் நூருல் அமீனுக்குப் பரண் ஞாபகம் வந்தது.

ஏணி போட்டு ஏறி, தார்ப்பாய்க் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு நீள உறையை இறக்கினார். ஆறு வருஷத்துக்கு முன் சென்னை மொத்த வியாபாரி அனுப்பிய சரக்கில் தவறி வந்துவிட்ட ராடு. இரண்டு துண்டாகக் கழலும், சேர்த்தால் ஒன்பது அடி. மெல்லிய தண்டு, நுனி நாணல் மாதிரி வளையும், நடுவுக்குக் கீழே விறைப்பு. தண்டின் மேல் ஆங்கிலத்தில் சால்மன், ஸ்டீல்ஹெட் என்று எழுதியிருந்தது. கண்மாய்க் கரையில் கருவேல மரத்துக்கு அடியில் நின்று வீசுகிறவன் எவன் ஒன்பது அடி வாங்குவான்? பார்த்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டுப் போனார்கள்.

"சால்மன்னா?" என்றாள்.

"நம்ம பக்கம் கெடையாதும்மா. குளிர் தேசத்து மீனு. கடல்ல இருந்து ஆத்துக்குள்ள தண்ணிய எதுத்து ஏறி வருமாம். கூட எழுதியிருக்க இன்னொண்ணும் அதே மாதிரி சாதிதான். ரெண்டு கையாலயும் புடிச்சு வீசுறதுக்காக அடிய இம்புட்டு நீளமா வச்சிருக்கான்."

முத்துச்செல்வி அதற்குள் சணலைப் பிடியின் மேல் வைத்திருந்தாள். இரண்டு விரல் நீளம் கூடுதலாகவே இருந்தது. அவள் அடிப்பிடியைக் கக்கத்தில் கொடுத்து முன்கையை அழுத்தினாள். ராடு அவள் உடம்பிலிருந்து முளைத்தது போல அசையாமல் நின்றது.

நூருல் அமீன் ஒரு ரீலை மாட்டி, இடப்பக்கம் இருந்த சுழற்றுப் பிடியைக் கழற்றி வலப்பக்கம் திருகினார். நைலான் நரம்பைக் கோத்து அதன் முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு சந்துக்குள் இறங்கினார். "நாந்தான் விரால். இழுக்கிறேன், பாரு." டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பது வயது மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடமும் வலமுமாக நரம்பை இழுத்துக்கொண்டு ஓடினார். ராடு வில்லாக வளைந்தது. பிடி நழுவவில்லை. நரம்பு வழியாக அவர் கைக்கு வந்த இழுப்பு அவசரமில்லாததாக, விடாததாக இருந்தது. மூன்று எட்டு வாசலை நோக்கி அவரையே கொண்டுவந்துவிட்டது.

"போட்ட வெலையச் சொல்லுங்க" என்றாள். "எனக்குன்னு கொறைக்க வேணாம்."

"ஆறு வருஷமாப் பரண்ல கெடக்கும்மா. ஆயிரத்து எண்ணூறு. ஒனக்காகக் கொறைக்கல, அதுக்காகக் கொறைக்கிறேன்."

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். "தண்ணியில வீசிப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன். வெள்ளிக்கிழம கட லீவுதான? கண்மாய்க்கு வாங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு அவர் ஸ்கூட்டரை எடுத்தபோது சாதிகா புர்காவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேன். அந்தப் பிள்ளையப் பாக்கணும்."

அவனியாபுரத்துக்குத் தெற்கே, விமானம் தாழ இறங்குகிற பக்கத்தில் இருந்தது அந்தக் கண்மாய். முத்துச்செல்வி குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு முன்னாலேயே வந்திருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரோரம் நின்றாள். முடிச்சைத் தானே போட்டாள். நரம்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, கால் கட்டைவிரலில், விராலுக்கு இரையாகக் கட்டுகிற ரப்பர் தவளையின் வளையத்தை மாட்டி, வலது கை விரல்களால் ஐந்து சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கினாள். நூருல் அமீன் இழுத்துப் பார்த்தார். அவர் போடுகிற முடிச்சைவிடக் கச்சிதம்.

ஆனால் முதல் வீச்சில் தவளை அவள் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது வீச்சு பக்கவாட்டில் போய் நாணலில் சிக்கியது. ஒன்பது அடியை ஒரு கையால் சுழற்றுவது லேசில்லை. நாலாவது, ஐந்தாவது. நூருல் அமீனுக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறக்கப்போனவரின் சட்டை முனையைச் சாதிகா பிடித்து இழுத்தாள்.

முத்துச்செல்வி ராடை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அடிப்பிடியின் கடைசி நுனியைத் தன் இடது முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டாள். வலது கை முன்னால் தள்ளும் அதே நொடியில் இடது முன்கை பிடியின் நுனியைத் தன் வயிற்றை நோக்கி வெட்டி இழுத்தது. ராடு காற்றைக் கிழித்த சத்தம் கரை வரை கேட்டது. ரப்பர் தவளை உயரே போய், போய்க்கொண்டே இருந்து, நடுக்கண்மாயில் ஆகாயத்தாமரைத் திட்டுக்கு அப்பால் 'தொப்' என்று விழுந்தது. ரெண்டு கையால் வீசுவதற்கென்று செய்த ராடு. அதற்கு இரண்டாவது கை எங்கே வேண்டுமோ அங்கே அவள் தன் கையைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'யா அல்லாஹ்' என்று நூருல் அமீன் தனக்குள் சொல்லிக்கொண்டார். அம்புட்டு தூரம் அவர் ஒரு நாளும் வீசியதில்லை.

"இதுதான் பாய். இத எடுத்துக்கிறேன்" என்றாள் திரும்பாமலே.

ராடைக் கக்கத்தில் கொடுத்து, ரீலின் வளையக் கம்பியை மடக்கி, தவளையைத் தத்தித் தத்தி வரவைத்தாள். மறுபடி வீசினாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சாதிகா கரையில் உட்கார்ந்து, "எதுக்கும்மா இம்புட்டு பாடு? வாங்கிச் சாப்பிட்டா ஆகாதா?" என்று கேட்டாள். கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"வீட்டுல அவுக எல்லாத்தையும் செஞ்சு குடுத்துர்றாகக்கா. தல சீவி விடுறாக. சோத்தப் பெசைஞ்சு ஊட்டாததுதான் பாக்கி. தங்கமான மனுசன், கொற சொல்ல மாட்டேன்." தவளை திட்டின் ஓரத்தைத் தாண்டி வந்தது. "ஆனா தண்ணிக்குள்ள கெடக்குற விரால் என்னையப் பாத்து ஐயோ பாவம்னு விட்டுக்குடுக்காதுல்ல?"

சாதிகா புர்காவின் முகத்திரையை மேலே தள்ளிவிட்டு, இன்னும் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

தண்ணீர் வெடித்தது அப்போதுதான். தவளை இருந்த இடத்தில் ஒரு கறுப்பு முதுகு புரண்டு மறைந்தது. ராடின் நுனி தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு வளைந்தது. ரீல் கிர்ரென்று நரம்பை விட்டது. முத்துச்செல்வி ஒரு கணம் முன்னால் சாய்ந்து, பிறகு குதிகாலை ஊன்றி நின்றுகொண்டாள். அடிப்பிடி கக்கத்தில் அசையவில்லை. வலது கை நிதானமாகச் சுற்றியது, விட்டது, சுற்றியது. விரால் இடப்பக்கம் ஓடியது. திரும்பியது. நேராக ஆகாயத்தாமரைத் திட்டுக்குள் புகுந்துகொண்டது.

ரீல் நின்றுவிட்டது. எவ்வளவு திருகியும் ஒரு சுற்றுக்கூட நகரவில்லை. நரம்பு வீணைத் தந்தியாக விறைத்து, அதிலிருந்து நீர்த்துளிகள் தெறித்தன. நூருல் அமீன் தன்னையறியாமல் ஓடிப்போய் ராடை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார்.

"தொடாதீக பாய்!"

கை அந்தரத்திலேயே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்திருந்தாள், கண் திட்டைவிட்டு அகலவில்லை. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

முத்துச்செல்வி சுற்றுவதை விட்டுவிட்டாள். வலது கையால் ரீலுக்கு மேலே தண்டை இறுகப் பற்றி, ராடை உடம்போடு சேர்த்து, ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. கரை மேட்டில் முதுகு காட்டி ஏறத் தொடங்கினாள். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பின்னால் கருவேல முள் கிடந்தது. யாரோ விறகுக்கு வெட்டி, சிம்புகளை மேடு முழுக்க உதறிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் வெறுங்காலோடு இருந்தாள். நூருல் அமீன் சட்டென்று குனிந்தார். அவள் குதிகால் படப்போகிற இடத்திலிருந்து ஒரு முள்ளை எடுத்து எறிந்தார். அடுத்ததை எடுத்தார். அடுத்தது அவர் விரலில் ஏறியது. அதை உதறிவிட்டு இன்னொன்றை எடுத்தார். மறுபக்கம் சாதிகா புர்காவை முழங்கால் வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, காலாலேயே சிம்புகளை ஒதுக்கிக்கொண்டு மேலே ஏறினாள். இருவரும் தலை நிமிரவில்லை. அந்தக் குதிகால்கள் மண்ணில் பதிந்து, எழும்பி, மறுபடி ஒரு அடி மேலே பதிந்தன.

கண்மாயில், பச்சைத் திட்டு மொத்தமும், ஊதாப் பூக்களோடு, மெல்லக் கரையை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது.