ஸ்கேன் அறையில் தூங்கிய பிள்ளை

நாத்தனார் என்றால் அப்படியொரு நாத்தனார், எதிரிக்குக்கூட வாய்க்கக் கூடாது. பிள்ளை பிறந்த சில நாளிலேயே கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பெற்றவளான இவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். வெயிலில் காட்டினால் போய்விடும், மூன்று பெற்ற எனக்குத் தெரியாததா என்று நாத்தனார் ஒரே போடாகப் போட்டு, பிள்ளையை ஜன்னல் கண்ணாடியோரம் கிடத்தினாள். கட்டின மகராசன் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டுவானா?

பிள்ளை வில்லாக வளைந்து கீச்சென்று அலறிய பிறகுதான் ஓடினார்கள். உடம்பில் இருந்த ரத்தத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. மஞ்சள் இறங்கிவிட்டது. அது மூளைவரை போய்விட்டதா என்பதுதான் இப்போது கேள்வி. போயிருந்தால் காது கேட்காமல் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதைப் பார்க்கத்தான் எம்.ஆர்.ஐ.

பச்சைப்பிள்ளைக்கு இங்கே மயக்க மருந்து கொடுப்பதில்லை. வயிறு முட்டப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, தூங்கவைத்து உள்ளே விடுவார்கள். இவள் கையில் பிள்ளை அடங்குவேனா என்றது. அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா என்று டெக்னீஷியன் முனகினார். வயிறெரிய நாத்தனாரிடம் நீட்டினாள். பாவி மகள், தோளில் போட்டு நாலு தட்டுத் தட்டினாள், தூங்கிவிட்டது.

பிஞ்சுக் காதுகளுக்கு மூடி மாட்டி உள்ளே எடுத்துப் போனார்கள். மெஷின் போட்ட கூச்சல் இருக்கிறதே, சாத்திய கதவையும் மீறி வராந்தாவே அதிர்ந்தது.

வெளியே வந்த டெக்னீஷியனின் முகம் சரியில்லை. பிள்ளையை இவள் கையில் கொடுத்தார்.

"காது மூடி ரெண்டும் கழுத்துக்கு நழுவிடுச்சும்மா. எப்ப நழுவுச்சுன்னே தெரியல. பிள்ளை அசையவே இல்ல. டாக்டர் படத்தைப் பாத்துட்டுச் சொல்வார்."

நாத்தனாருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? நான் தூங்க வச்சா இடி விழுந்தாலும் எழுந்திருக்காது."

இவள் இத்தனை நாள் தொண்டையில் அடக்கிவைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. பிள்ளையை மார்போடு அணைத்தபடி, நாத்தனாரின் முகத்துக்கு நேரே அடித்தொண்டையில் கத்தினாள். உன் வெயிலும் நீயும் நாசமாய்ப் போங்கள் என்று கத்தினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வாசல் காவலாளி ஓடிவந்தார்.

இவள் வாய்க்குக் கீழேயே கிடந்த பிள்ளை மட்டும் இமைகூட அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.